முழிப்பு மாத்திரையும் மூக்கடைப்பு மாத்திரையும்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மருந்துக்கடையில் விற்பதெல்லாம் சளி மாத்திரைதான். மேற்கே கணவாயிலிருந்து காற்று அடிக்கும், கூடவே தூறல், துணி காயாது, வீட்டுக்கு வீடு தும்மல். ஓணம் நெருங்கும் வாரத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிய வண்டிகள் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாக இரவு முழுக்கக் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். கத்தரிக்காயும் முருங்கையும் விடிவதற்குள் கொல்லம் சந்தையில் இறங்கியாக வேண்டும். ஓட்டுநருக்குச் சளி என்பதற்காகக் காய் காத்திருக்காது.

அப்படி ஓர் இரவு, கடையை மூடப்போகும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை நனைந்திருந்தது.

“அண்ணாச்சி, மூக்கு அடச்சு மூச்சே விட முடியல. சளி மாத்திரை ஒரு நாலு குடுங்க.”

“வேற ஏதும் மாத்திரை போடுதியளா தம்பி?”

“ஒண்ணும் இல்லண்ணாச்சி.”

சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது ஒரு மாத்திரை அட்டையும் கூடவே வந்தது. இரண்டு குழி காலி. வாங்கிப் பார்த்தேன், மோடாஃபினில் 200 மி.கி. “இது மாத்திரை இல்லண்ணாச்சி, சும்மா முழிப்புக்கு. கூட ஓட்டுறவரு குடுத்தாரு” என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று போட்டிருக்கிறார். முந்தின நாளும் ஒன்று. உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். 168-க்கு 104. நாடித்துடிப்பு 112. இரண்டாவது முறை பார்த்தபோதும் அதிகம் இறங்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. நோய்க்குப் போடுவதுதான் மாத்திரை, முழிப்புக்குப் போடுவது தேநீர் மாதிரி ஒன்று என்று மனதார நம்பியிருக்கிறார். அதேபோல, சளி மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்காதவர்கள் இன்னும் அதிகம். இப்படிக் கணக்கில் வராத இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூக்கடைப்பு. மூக்கு அடைப்பதற்குச் சளிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். எத்தனை முறை சிந்தினாலும் அடைப்பு போகாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உண்மையில், மூக்கின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் விரிந்து, அந்தச் சதையே வீங்கிப்போய்தான் வழியை மறிக்கிறது. அடைப்பு நீக்கும் மருந்துகளின் வேலை அந்தக் குழாய்களைச் சுருக்குவது. குழாய் சுருங்கினால் வீக்கம் வடியும், காற்று போகும்.

சரி, மூக்கில் மட்டும் சுருக்கினால் நல்லதுதானே? சொட்டு மருந்தாக மூக்கில் விட்டால் பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும். மாத்திரையாக விழுங்கினால் அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். கை, கால், வயிறு, மூளை என்று எங்கே ரத்தக்குழாய் இருந்தாலும் அதைச் சுருக்கப் பார்க்கும். ரத்தக்குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும்.

நம்மூரில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் இந்த வேலைக்குச் சேர்ப்பது பெரும்பாலும் ஃபீனைல்எஃப்ரின். சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். இது இன்னும் வலுவானது. குழாயைச் சுருக்குவதோடு, நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினையும் வெளியே தள்ளிவிடும். நாய் துரத்தும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அந்த நேரத்தில் உடம்பு சுரக்கும் பொருள்களில் ஒன்றுதான் நார்அட்ரினலின்.

அடுத்து முழிப்பு மாத்திரை. மோடாஃபினில் பிரான்ஸில் உருவான மருந்து. அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. அதன் நெருங்கிய உறவான ஆர்மோடாஃபினிலுக்கு 2007-ல். இவை மூன்று தொல்லைகளுக்கானவை: பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூக்கம் வந்து விழும் நார்கோலெப்ஸி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்திணறலால் பகலில் வரும் அசதி, இரவுப்பணி மாறி மாறிச் செய்பவர்களுக்கு வரும் தூக்கக் கோளாறு. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள் இவை. ஒருவருக்கு எழுதித் தந்ததை இன்னொருவர் பகிர்ந்து தின்பதற்கு இது மிட்டாய் இல்லை.

மூளையில் டோபமின் என்ற பொருள் தன் வேலையை முடித்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மோடாஃபினில் அந்த வழியை அடைக்கிறது. டோபமின் தேங்கி நிற்க, விழிப்பு நீள்கிறது. கூடவே நார்அட்ரினலினும் கூடுகிறது. அதனால்தான் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், பிரஷரும் நாடித்துடிப்பும் கொஞ்சம் ஏறும். ஆரோக்கியமான இளைஞருக்கு இந்த ஏற்றம் சிறியதுதான். ஆனால் இந்த மருந்தை வைத்து நடத்திய ஆய்வுகளிலேயே, பிரஷர் மாத்திரை புதிதாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டிவந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோடாஃபினில் சாப்பிட்டவர்களிடம் அதிகம்: 0.7 சதவீதத்துக்கு 2.4 சதவீதம்.

எங்கள் பக்கம் கிணற்று பம்புசெட் பார்க்காதவர்கள் இல்லை. மோட்டார் ஓடுகிறது, ஓஸ் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. மோட்டார் வேகத்தைக் கூட்டினால் ஓஸ் விறைக்கும். ஓஸைக் காலால் மிதித்துக் குறுக்கினாலும் விறைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், ஓஸ் பழசாக இருந்தால், எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது. முழிப்பு மாத்திரை மோட்டாரை விரட்டுகிறது. அடைப்பு மாத்திரை ஓஸை மிதிக்கிறது. ஓஸ் எவ்வளவு பழசு என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் என் கவலை. அந்தத் தம்பிக்குத் தனக்கு பிரஷர் இருப்பது தெரியாது. அதற்கு முன் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். பார்த்ததே இல்லை என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் அலற வேண்டாம். நல்ல உடம்போடு இருப்பவர் தெரியாமல் இரண்டையும் ஒரு தடவை சேர்த்துப் போட்டுவிட்டால், பெரும்பாலும் படபடப்பு, கை நடுக்கம், தலைவலி, தூக்கம் பிடிக்காமை என்ற அளவில் போய்விடும். பயப்பட வேண்டியவர்கள் வேறு: ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள், இதயத்தில் கோளாறு அல்லது துடிப்புச் சீர்கேடு உள்ளவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள். வயதான ஆண்களில் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அடைப்பு மருந்தால் சிறுநீரே நின்றுபோகலாம். மனச்சோர்வுக்கான பழைய வகை மருந்தான எம்.ஏ.ஓ. தடுப்பி சாப்பிடுகிறவர்கள் அடைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது, பிரஷர் எகிறிவிடும். அந்த மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

இனி, வெளியில் தெரியாத சிக்கலுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

நம்மூர்ச் சளி மாத்திரை என்பது ஒரே மருந்து கிடையாது. பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். காய்ச்சல், உடம்பு வலிக்குப் பாரசிட்டமால். அடைப்புக்கு ஃபீனைல்எஃப்ரின். தும்மல், மூக்கொழுகலுக்குக் குளோர்ஃபெனிரமின் அல்லது செட்டிரிசின். சிலவற்றில் காப்பி, தேநீரில் இருக்கும் காஃபினும் இருக்கும். மூன்று நான்கு மருந்துகள் ஒரே மாத்திரைக்குள். இதில் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். லேசான தூக்கம் இல்லை, இமையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வரும்.

இப்போது அந்த ஓட்டுநரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். சளி, மாத்திரை போடுகிறார். ஒரு மணி நேரத்தில் கண் சொருகுகிறது. ஏற்ற வேண்டிய லோடு நிற்கிறது. நண்பர் கொடுத்த முழிப்பு மாத்திரையைப் போடுகிறார். முழிப்பு வருகிறது, கூடவே தலைவலியும் வருகிறது. மோடாஃபினிலுக்கு அதிகம் சொல்லப்படும் பக்கவிளைவே தலைவலிதான். ஆய்வுகளில் சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 23 சதவீதம். அவருக்கு அது எப்படித் தெரியும்? சளித் தலைவலி என்றுதான் நினைக்கிறார். இன்னொரு சளி மாத்திரை. மறுபடி ஃபீனைல்எஃப்ரின், மறுபடி தூக்கம், அதைத் தெளிவிக்கத் தேநீர். விடிவதற்குள் உடம்பு தறிகெட்டுப் போயிருக்கும். தூங்கச் சொல்லி ஒரு மருந்தும் தூங்காதே என்று ஒரு மருந்தும் உள்ளே சண்டை போட, நடுவில் ஏறிக்கொண்டே போவது பிரஷர்தான்.

முழிப்பு மாத்திரை போட்டதால் தூக்க மருந்தின் மந்தம் அடிபட்டுவிடும் என்று நம்பவும் முடியாது. கண் திறந்திருக்கும். ஆனால் வளைவில் எதிரே வெளிச்சம் தெரிந்ததும் கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் அந்த நொடி நீண்டிருக்கும். கோட்டைவாசலுக்குக் கீழே இருக்கும் எஸ் வளைவில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த நொடியின் மதிப்பு தெரியும்.

பாரசிட்டமால் கணக்கும் இதே சுற்றில் தவறிப்போகிறது. சளி மாத்திரையில் ஏற்கெனவே 500 மி.கி. இருக்கிறது. தலைவலிக்குத் தனியாக ஒரு 650 போடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது, குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. கல்லீரல் கெடுவது வெளியே உடனே தெரியாது.

அடுத்தது நேரம். “அது சாயங்காலம் போட்டதுண்ணாச்சி, இந்நேரம் போயிருக்கும்” என்றார் தம்பி. போகாது. மோடாஃபினில் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 200 போட்டால் மறுநாள் காலை 9 மணிக்கும் 100 அளவுக்கு உள்ளே நிற்கும். அன்று மாலை இன்னொன்று போட்டால் மிச்சத்தின் மேல்தான் ஏறும். ஆகவே “காலையில் அது, ராத்திரி இது, சேராது” என்ற கணக்கு செல்லாது. முழிப்பு மாத்திரை போட்ட அன்றும் மறுநாளும் உடம்பில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு மருந்துகளின் பூர்வீகத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். எஃபெட்ரா என்ற செடியிலிருந்து 1885-ல் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் சூடோஎஃபெட்ரின். இன்னொரு உறவு ஃபீனைல்புரோப்பனோலமின். என் வயதுக்காரர்கள் எல்லாரும் சின்ன வயதில் அதைச் சளி மாத்திரையில் விழுங்கியிருப்போம். மூளையில் ரத்தக் கசிவோடு அதற்குத் தொடர்பு இருப்பது ஆய்வில் தெரிந்ததும் 2000-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைக் கைவிடச் சொன்னது. கடையில் கேட்டவுடன் கிடைத்த, எல்லாரும் விழுங்கிய மருந்துதான் அதுவும். சூடோஎஃபெட்ரின் பற்றியும் 2023 கடைசியில் ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்தது. மூளை ரத்தக்குழாய்கள் சுருங்குவது அபூர்வமாக நேர்கிறது என்பதால், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களும் சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களும் அதைச் சாப்பிடக் கூடாது என்று சொன்னது.

ஃபீனைல்எஃப்ரின் கதை வேறு மாதிரி. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு பதினாறு பேரும் ஒருமித்து, வாயால் விழுங்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதாகச் சான்று இல்லை என்று வாக்களித்தார்கள். மறு ஆண்டே அதைச் சீட்டில்லாமல் கடையில் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அந்த நிர்வாகம் முன்மொழிந்தது. விழுங்கியதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுவதால் மூக்குக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அப்படியானால் பிரஷரையும் பெரிதாக ஏற்றாதே என்று கேட்கலாம். ஒரு மாத்திரையில் உள்ள 10 மி.கி. நல்ல உடம்பில் பெரிய ஏற்றம் தராதுதான். ஆனால் அடைப்பு போகவில்லையே என்று இரண்டாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே 160-ல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு மேல் மோடாஃபினில், காஃபின், நான்கு தேநீர். பலன் இவ்வளவு குறைவாக உள்ள ஒன்றுக்காக அந்தச் சுமையில் இன்னொரு கல்லை ஏற்றுவானேன் என்பதே என் கட்சி.

கடைக்கு வழக்கமாக வரும் ஓர் ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழிப்பு மாத்திரை சாப்பிடும் எல்லாரும் தப்புச் செய்கிறவர்கள் இல்லை. ஆரியங்காவில் வீடு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஐம்பது வயது தாண்டியவர், கனத்த உடம்பு, தூக்க மூச்சுத்திணறல். இரவில் முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றடிக்கும் சிபாப் கருவியோடுதான் தூங்குவார். பகல் அசதிக்கு மருத்துவர் எழுதித் தந்து ஆர்மோடாஃபினில் சாப்பிடுகிறார். கூடவே பிரஷர் மாத்திரையும் உண்டு. மூச்சுத்திணறலும் பிரஷரும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். அவருக்குச் சளி பிடித்தால் மூன்று பக்கமும் இடி. மூக்கு அடைத்தால் மாஸ்க் சரியாக வேலை செய்யாது. மாஸ்க் வேலை செய்யாவிட்டால் இரவுத் தூக்கம் போகும், பிரஷர் ஏறும், பகலில் அசதி கூடும். அசதி கூடினால் ஆர்மோடாஃபினிலை இன்னொன்று போடலாமா என்று தோன்றும். அடைப்புக்கு மாத்திரை போடலாமா என்றும் தோன்றும். இரண்டுமே அவருக்கு ஆகாதவை.

அவருடைய மருத்துவர் சொன்ன வழி எளிமையானது. உப்புநீர் சொட்டு மருந்தை மூக்கில் தாராளமாக விட்டுக் கழுவுவது, கருவியின் ஈரப்பதத்தைக் கூட்டிவைப்பது, அடைப்பு தீராவிட்டால் தான் எழுதித் தரும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவது, முழிப்பு மாத்திரையின் அளவைத் தானாகக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாமல் இருப்பது. கடைசியில் சொன்னது முக்கியம். இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி எடுத்தால் அது வேறு ஆபத்து. சளிக்கு என்ன போடலாம் என்பதை அந்த மருத்துவரிடமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. மோடாஃபினில், ஆர்மோடாஃபினில் இரண்டும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். நிறுத்திய பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த விளைவு நீடிக்கலாம். கருவுற்றிருக்கும்போது இவை வேண்டாம் என்றும் எச்சரிக்கை இருக்கிறது. வீட்டிலிருந்தபடி இரவில் அமெரிக்க வேலை பார்க்கும் பெண்கள் எங்கள் ஊரிலும் வந்துவிட்டார்கள். இதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

சரி, மாத்திரை இல்லாமல் மூக்கடைப்பை எப்படிச் சமாளிப்பது? உப்புநீர்ச் சொட்டுதான் என் முதல் கை. விலை குறைவு, எந்த மாத்திரையோடும் மோதாது, ஒரு நாளில் எத்தனை முறையும் விடலாம். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பது எங்கள் பாட்டிமார் வழி. பாத்திரத்தை மடியில் வைக்காமல் தரையிலோ உறுதியான மேசையிலோ வைத்துப் பிடியுங்கள், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோய் வந்தவர்களுக்குக் களிம்பு கொடுத்திருக்கிறேன். மிளகு ரசம், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்கு ஒரே பெயர்தான், ஒரே ருசிதான். காப்பித்தூள் சேர்க்காமல் போட்டால் காஃபின் கவலையும் இல்லை. காய்ச்சலோ உடம்பு வலியோ இருந்தால் தனிப் பாரசிட்டமால் போதும். படுக்கும்போது தலைமாட்டில் ஒரு தலையணை கூட வைத்தால் அடைப்பு குறையும்.

மிகவும் தொல்லையாக இருந்தால் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் சொட்டு. அதுவும் குழாயைச் சுருக்கும் மருந்துதான், ஆனால் மூக்கோடு பெரும்பாலும் நிற்கும். பிரஷர், இதயத் தொல்லை இருந்தால் இதற்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், அப்புறம் சொட்டு இல்லாமல் மூச்சு விட முடியாத நிலை வரும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சிறு பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களைத் தெரியும்.

கடையில் நின்று “ஒரு சளி மாத்திரை” என்று மட்டும் கேட்காதீர்கள். “முழிப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், பிரஷர் இருக்கிறது, அடைப்பு மருந்து கலக்காத மாத்திரை கொடுங்கள்” என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் கொடுத்தது, ஏன் போட்டீர்கள் என்று விசாரிக்கிற வேலை எனக்கில்லை. எது உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால் எதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பகுதி துண்டாகிப் போயிருந்தால், ஒரு தாளில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியில் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். இங்கே வாங்கியதன் மேல் புனலூரில் வேறொரு கம்பெனி மாத்திரை வாங்குவீர்கள். பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது அதே மூன்று மருந்தாக இருக்கும்.

அந்தத் தம்பிக்கு அன்று சளி மாத்திரை கொடுக்கவில்லை. உப்புநீர்ச் சொட்டும் தனிப் பாரசிட்டமால் இரண்டும் கொடுத்தேன். வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். “காய் வாடிருமே அண்ணாச்சி” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வாடினால் வாடகையில் பிடிப்பார்கள். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடக் கூடாது என்றது. அன்றைக்கே சட்டம் அப்படிச் சொல்லியிருக்க, முழிப்பு மாத்திரை ஓட்டுநரின் சட்டைப்பையில் ஏன் இருக்கிறது என்பதை லோடு அனுப்புகிறவர்கள் யோசிக்க வேண்டும். மாத்திரை போட்ட ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடைசியில் அவரே முதலாளிக்குப் போன் போட்டார், மாற்று ஓட்டுநர் ஒருவர் தென்காசியிலிருந்து பைக்கில் வந்து வண்டியை எடுத்துப் போனார். தம்பி மறுநாள் காலை செங்கோட்டை அரசு மருத்துவமனையில் பிரஷருக்குச் சீட்டுப் போட்டார்.

ஏற்கெனவே இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது: மேற்கொண்டு எதையும் விழுங்காதீர்கள், காப்பி, தேநீர், சிகரெட் உட்பட. வண்டியை ஓரம் கட்டி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், முடிந்தால் பிரஷர் பாருங்கள். படபடப்பு மட்டும் இருந்து சில மணி நேரத்தில் இறங்கினால் சரி. பொறுக்க முடியாத தலைவலி திடீரென்று வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பார்வை மங்கினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள். பிரஷர் 180-க்கு 120-ஐத் தாண்டி இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அதேதான். 108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும். கோட்டைவாசலுக்குக் கிழக்கே என்றால் செங்கோட்டை அல்லது தென்காசி அரசு மருத்துவமனை, மேற்கே இறங்கிவிட்டீர்கள் என்றால் புனலூர் தாலுகா மருத்துவமனை. போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும், காலி அட்டையாக இருந்தாலும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.